ஐந்து ப்ளை பெட்டி அடியில் நசுங்குகிறது: ஏழு ப்ளைக்கு மாறலாமா?

பதிவு 1 | கிடங்குக்காரர், ராணிப்பேட்டை

வணக்கம். எங்கள் நிறுவனம் ஷூ அப்பர் (ஷூவின் மேற்பகுதி) தைத்து ஏற்றுமதி செய்கிறது. ராணிப்பேட்டையில் உள்ள வாடகைக் கிடங்கில் எட்டு அடுக்காக அடுக்கி வைத்திருந்த பெட்டிகளில் கீழ் வரிசை, நவம்பர் மழை தொடங்கிப் பத்து நாள் ஆவதற்குள் பக்கவாட்டில் பிதுங்கி, மூலைகள் மடிந்து, மேலே இருந்தவற்றையும் சாய்த்துவிட்டது. மொத்தம் 43 பெட்டிகளைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

பெட்டியின் நீளம் 600 மி.மீ., அகலம் 400, உயரம் 350. ஐந்து ப்ளை. சரக்குடன் ஒரு பெட்டி 14 கிலோ. லைனர் மூன்றும் 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்), நெளித்தாள் இரண்டும் 120 ஜிஎஸ்எம் என்பது ஒப்பந்தம். வந்து இறங்கியபோது சில பெட்டிகளை எடை போட்டுப் பார்த்தேன். காலிப் பெட்டி 1.34 கிலோ இருந்தது. எடையில் குறையே இல்லை என்பதால்தான் எனக்குக் குழப்பம். பெட்டி கொடுத்தவருக்கு, நட்டத்தை அவர் கணக்கில் கழிக்கும் டெபிட் நோட் அனுப்பியாகிவிட்டது. அடுத்த ஆர்டரை ஏழு ப்ளையாகக் கொடுத்துவிடலாம் என்கிறார் முதலாளி. இத்துறையில் இருப்பவர்கள் உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்.

பதிவு 2 | பெட்டிப்பட்டறை, காட்பாடி

ஐயா, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பெட்டி நசுங்கினால் முதலில் டெபிட் நோட் போவதும், காரணம் அதன் பிறகு தேடப்படுவதும் எங்களுக்குப் பழகிப்போனவை. உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன் நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும். பெட்டியை நிறுத்தி வைத்தால் உள்ளே நெளிகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றனவா, படுக்கையாக ஓடுகின்றனவா? பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக நேராக அடுக்கினீர்களா, செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்கினீர்களா? கீழே பலகை இருந்ததா, வெறும் தரையா? நசுங்கிய பெட்டியின் மேல்தாளைப் பிய்த்தால் அது எப்படி உரிகிறது?

பதிவு 3 | கிடங்குக்காரர், ராணிப்பேட்டை

நெளிகள் செங்குத்தாகத்தான் இருக்கின்றன. லோடுமேன்கள் செங்கல் கட்டுபோலத்தான் அடுக்கினார்கள். அப்படி அடுக்கினால் சாயாது என்று நானே சொல்லியிருந்தேன். பலகை இல்லை, சிமெண்டுத் தரை. மேற்குச் சுவரில் ஈரம் ஊறும். பிய்த்துப் பார்க்கவில்லை. நாளை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பதிவு 4 | மாணவன், குடியாத்தம்

ஐயா, இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் தீப்பெட்டிக் கட்டுகள் போகும் பெட்டிகளை நாள்தோறும் பார்த்தாலும், ப்ளை, ஃப்ளூட் என்பவை உண்மையில் என்ன என்பது எனக்குத் தெரியாது. நெளி செங்குத்தாக இருந்தால் என்ன, படுக்கையாக இருந்தால் என்ன? யாராவது விளக்கினால் இந்த விவாதத்தை என்னாலும் தொடர முடியும்.

பதிவு 5 | தாள் பொறியாளர், சத்துவாச்சாரி

தம்பி, நல்ல கேள்வி. இதற்கு விடை தெரியாமல் பல ஆண்டுகள் பெட்டி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நான் காகித ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்.

பனையோலையை நினைத்துக்கொள்ளுங்கள். மடிப்பு மடிப்பாக இருப்பதால்தான் அவ்வளவு அகலமான ஓலை காற்றில் துவளாமல் நிற்கிறது. அதே இலை தட்டையாக இருந்திருந்தால் வாழையிலைபோல் கிழிந்து தொங்கியிருக்கும். நெளி அட்டையின் அடிப்படையும் இதுதான். இரண்டு தட்டையான தாள்களுக்கு நடுவே அலையலையாக நெளித்த ஒரு தாளை ஒட்டுகிறோம். வெளித்தாள்களுக்கு லைனர் என்று பெயர், நெளிந்த தாளுக்கு மீடியம் அல்லது நெளித்தாள், அதிலுள்ள ஒவ்வோர் அலைக்கும் ஃப்ளூட். இரண்டு லைனரும் ஒரு நெளித்தாளும் சேர்ந்தால் மூன்று தாள், ஆகவே மூன்று ப்ளை. அதன்மேல் இன்னொரு நெளித்தாளும் இன்னொரு லைனரும் ஏறினால் ஐந்து. மீண்டும் ஒரு முறை ஏறினால் ஏழு. ப்ளை என்பது தாள்களின் எண்ணிக்கையே தவிர வலிமையின் அளவு அன்று. இந்த விவாதத்துக்கு மிகவும் வேண்டிய செய்தி இது.

நெளித்தாள் செய்யும் முக்கியமான வேலை, இரண்டு லைனர்களையும் ஒன்றுக்கொன்று விலக்கிப் பிடித்து நிறுத்துவது. அட்டையை வளைக்கும்போது ஒரு லைனர் இழுபடும், மற்றொன்று அமுங்கும். இரண்டும் எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ அவ்வளவு விறைப்பு. இரும்பு உத்திரத்தில் மேலும் கீழும் பட்டையாக இருந்து நடுவில் மெல்லிய தகடு நிற்பது இதே காரணத்தால்தான். அட்டைக்குள் பெரும்பகுதி காற்றுதான் என்றாலும், அந்தக் காற்று இருக்கும் இடத்தை நெளி காப்பாற்றும் வரையில் அட்டை நிற்கும். நெளி அமுங்கிவிட்டால் மிஞ்சுவது சில தாள்கள் மட்டுமே. அச்சடிக்கும்போது உருளையின் அழுத்தம் அதிகமாகி நெளி நசுங்கிய அட்டை, எடையில் குறையாமல் வலிமையில் மட்டும் குறைந்திருக்கும்.

நெளிகள் செங்குத்தாக நின்றால் ஒவ்வொன்றும் ஒரு சிறிய தூண். மேலிருந்து வரும் சுமை தூண்களின் நீளவாக்கில் இறங்குகிறது. படுக்கையாக ஓடினால் அதே சுமை அலைகளை மடக்கத்தான் பயன்படும்.

ஃப்ளூட் வகைகளுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர். ஏ ஃப்ளூட் உயரமானது, ஏறத்தாழ 4.7 மி.மீ.; பி ஃப்ளூட் 2.5 மி.மீ. அளவு, சி ஃப்ளூட் இரண்டுக்கும் நடுவே, 3.6 மி.மீ. அளவு, ஈ ஃப்ளூட் ஒன்றரை மி.மீ.க்குள் அடங்கும் மெல்லிய நெளி. எழுத்து வரிசைக்கும் உயர வரிசைக்கும் பொருத்தமில்லாததற்குக் காரணம், அவை புழக்கத்துக்கு வந்த வரிசையில் பெயர் பெற்றதுதான். ஏ ஃப்ளூட் அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும். பி ஃப்ளூட்டில் நெளிகள் நெருக்கமாக இருப்பதால் தட்டையாக அழுத்தினால் எளிதில் நசுங்காது, அச்சும் தெளிவாக விழும். அதனால்தான் ஐந்து ப்ளை அட்டையில் பி நெளியை வெளிப்புறமும் சி நெளியை உட்புறமும் வைப்பது வழக்கம்.

வரலாற்றில் ஒரு வேடிக்கை. நெளித்த தாளுக்கு 1856இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது பெட்டிக்காக அன்று. உயரமான தொப்பிகளின் உள்பட்டைக்காக. 1871இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் பாட்டில்களையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்றிக் கட்ட அதைப் பயன்படுத்தினார். 1874இல் ஆலிவர் லாங் லைனர் ஒட்டி அதற்கு உறுதி சேர்த்தார். அதன் பிறகுதான் பெட்டி.

பதிவு 6 | பெட்டிப்பட்டறை, காட்பாடி

பொறியாளர் ஐயா அமைப்பைச் சொல்லிவிட்டார். செய்யும் முறையை நான் சொல்கிறேன். ஏனென்றால் குற்றம் எங்கே நுழையும் என்பது செய்முறை தெரிந்தால்தான் புரியும்.

ஆலையிலிருந்து கிராஃப்ட் காகிதம் ரீலாக வருகிறது. கிராஃப்ட் என்றால் ஜெர்மானிய மொழியில் வலிமை என்று பொருள். கார்ல் டால் என்பவர் 1884இல் காப்புரிமை பெற்ற கூழ் முறையிலிருந்து அந்தப் பெயர் நிலைத்தது. அந்த முறைப்படி மரக்கூழிலிருந்து நேராகச் செய்த காகிதத்தில் இழைகள் நீளமாக இருக்கும். நம் நாட்டில் பெட்டிக்கு வரும் காகிதத்தில் பெரும்பகுதி பழைய அட்டையை மறுபடி கூழாக்கிச் செய்தது. ஒவ்வொரு சுற்றிலும் இழை கொஞ்சம் குட்டையாகும். பொன்னிறமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. அந்நிறம் பெரும்பாலும் சாயம்.

என்னைப் போன்ற சிறு பட்டறையில் முதல் இயந்திரம் சிங்கிள் ஃபேசர். பல்சக்கரம்போல் நீளவாக்கில் வரிப்பள்ளங்கள் கொண்ட இரண்டு எஃகு உருளைகள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும். அவை 170 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறியிருக்கும். அவற்றின் இடையில் நுழையும் தாள் அலையாக மடிந்து, சூட்டில் அந்த வடிவத்திலேயே நிலைத்து வெளிவரும்போது, பசை உருளை ஒவ்வோர் அலையின் முகட்டிலும் மெல்லிய கோடாகப் பசை தடவும். உடனே லைனர் வந்து அதன்மேல் அழுந்தும். இதை இரண்டு ப்ளை என்போம். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் நெளி, சுருட்டி வைக்கலாம்.

நெளிவதால் தாள் நீளம் உள்ளிழுக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மீட்டர் அட்டைக்கு பி ஃப்ளூட்டானால் 1.32 மீட்டர் நெளித்தாள் போகும். சி ஃப்ளூட்டுக்கு 1.43, ஏ ஃப்ளூட்டுக்கு 1.54. கிடங்குக்கார ஐயாவின் அட்டையைக் கணக்கிட்டால், மூன்று லைனருக்கு 450 கிராம், பி நெளிக்கு 158, சி நெளிக்கு 172. ஆகச் சதுர மீட்டருக்கு 780 கிராம். அவர் சொன்ன அளவுப் பெட்டிக்கு ஒட்டும் மடிப்பையும் சேர்த்து ஏறத்தாழ 1.55 சதுர மீட்டர் அட்டை வேண்டும். காகிதம் மட்டும் 1.21 கிலோ. காய்ந்த பசையாக 50 கிராம் வைத்துக்கொண்டாலும் 1.26தான் வர வேண்டும். அவர் 1.34 என்கிறார். அந்த 80 கிராம் என்ன என்று அவர் யோசித்தாரா? பெரும்பாலும் தண்ணீர். எடை கூடுதலாக இருந்தது என்று மகிழ்ந்தாரே, காகித விலைக்குத் தண்ணீர் வாங்கியிருக்கிறார்.

இரண்டு ப்ளைத் தாள்களை அளவுக்கு வெட்டி, நெளி முகடுகளில் பசை பூசி, லைனரோடு ஒட்டுவது பேஸ்டிங். பெரிய தானியங்கி ஆலைகளில் எல்லாம் ஒரே ஓட்டம்: அட்டை சூடான தகடுகளின்மேல் நகர்ந்து, காய்ந்து, வெட்டுப்பட்டு மறுமுனையில் விழும். எங்களைப் போன்றவர்கள் ஒட்டிய தாள்களை அடுக்கி, மேலே பாரம் வைத்து, இரவெல்லாம் காய விட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் காய்வதே இல்லை. வாங்குபவரோ நாளைக்கே வண்டி வரும் என்பார். ஈரம் காயாத அட்டை வண்டி ஏறுவது இப்படித்தான். இதை எங்கள் பக்கத்துக் குற்றமாக ஒப்புக்கொள்கிறேன்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு சோடியம் சிலிகேட் பூசினார்கள். இப்போது மாவுப்பசைதான் மிகுதி. சூட்டில் ஒட்டும் முறையில் சோளமாவின் ஒரு சிறு பகுதியை வேகவைத்துக் கஞ்சியாக்கி, மீதியைப் பச்சையாக அதில் கலக்குவார்கள். பச்சை மாவு அட்டைக்குள் போய்ச் சூடுபட்ட பிறகுதான் வெந்து பிடிக்கும். காஸ்டிக் சோடா சேர்ப்பது அது வேகும் வெப்பநிலையை 60 டிகிரியை ஒட்டி இறக்குவதற்காக. வெண்காரம் சேர்ப்பது பிசுபிசுப்புக்காக. சூடு போதாவிட்டால் மாவு வேகாமல் வெள்ளைத் தூளாக நிற்கும், ஒட்டியதுபோல் தோன்றும். பிய்த்தால் தாள் கிழியாமல் சுத்தமாக உரிந்து வரும். நல்ல ஒட்டு என்றால் பசை விடாது, தாளின் இழைதான் கிழிய வேண்டும். பிய்த்துப் பாருங்கள் என்று நான் கேட்டது இதற்காகத்தான்.

அதன் பிறகு மடிப்புக் கோடு போடுவது, காது வெட்டுவது, அச்சு, கடைசியில் கம்பித் தையல் அல்லது ஒட்டு. அவற்றில் பெரிய சூட்சுமம் இல்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அக்னி நட்சத்திரத்தில் நம் வேலூர் வெயிலில் காகிதம் அளவுக்கு மீறிக் காய்ந்து, மடிப்புக் கோட்டில் லைனர் வெடித்துவிடும். மழையில் தொய்வு, வெயிலில் வெடிப்பு.

பதிவு 7 | மாணவன், குடியாத்தம்

பனையோலை உவமை மறக்காது ஐயா. நன்றி. இன்று ஒரு பழைய பெட்டியைக் கத்தரித்துப் பார்த்தேன். இரண்டு நெளிகளும் வேறு வேறு உயரத்தில் இருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

பதிவு 8 | பேக்கிங் பிரிவு, ஆம்பூர்

காட்பாடி அண்ணா சொன்ன ஈரக் கணக்கை நான் வேறு பக்கத்திலிருந்து அறிவேன். தோல் பொருள் ஏற்றுமதியில் பெட்டி நசுங்குவது இரண்டாம் கவலை. பூஞ்சை பிடிப்பதுதான் முதற்கவலை. காகிதம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை உறிஞ்சியும் விட்டும் தன்னைச் சமன் செய்துகொண்டே இருக்கும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதமானால் காகிதத்தில் ஏழெட்டு சதவீதம் நீர் இருக்கும். காற்று 90 சதவீதத்தைத் தொட்டால் காகிதத்தில் 15 சதவீதத்தையும் தாண்டும். சென்னைத் துறைமுகத்தில் மூடிய கண்டெய்னர் குளிர்ந்த கடலுக்குள் போகும்போது, பெட்டிகள் விட்ட ஈரம் கூரைத் தகட்டில் நீர்த்துளியாகத் திரண்டு மீண்டும் பெட்டிகளின் மேலேயே சொட்டும். ஈரமான பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் எத்தனை போட்டாலும், அது முதலில் அட்டையின் தண்ணீரைக் குடித்தே நிறைந்துவிடும்.

ஆகவே நாங்கள் பெட்டி இறங்கும்போது எடை போடுவதோடு நிற்பதில்லை. ஈரமானியின் முள்ளை அட்டையில் பதித்துப் பார்த்து, 10 சதவீதத்துக்கு மேலிருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புகிறோம். இதனால் சில பெட்டிக்காரர்களுக்கு எங்கள்மேல் வருத்தம் உண்டு.

இன்னொன்று, அண்ணா கம்பித் தையலை ஒரு சொல்லில் கடந்துவிட்டார். மழைக்காலத்தில் அந்தக் கம்பிப் பின் துருப்பிடித்து, அதன் கூர்முனை உள்ளிருக்கும் தோலைக் கீறிய அனுபவம் எங்களுக்கு இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களில் சிலர் கம்பிப் பின்னே கூடாது, ஒட்டு மட்டும்தான் என்கிறார்கள்.

பதிவு 9 | பெட்டிப்பட்டறை, காட்பாடி

ஒத்துக்கொள்கிறேன் அம்மா. ஆனால் ஒட்டுக்கு விலை கேட்டால் கம்பிப் பின்னுக்கான விலைதான் தருவோம் என்பார்கள்.

பதிவு 10 | கிடங்குக்காரர், ராணிப்பேட்டை

நசுங்கிய 43 பெட்டிகளில் எடுத்து வைத்திருந்த அனைத்தையும் இன்று பிய்த்துப் பார்த்தேன். 37 பெட்டிகளில் மேல்தாள் உரியும்போது இழை இழையாகக் கிழிந்தது. நெளி முகடுகளில் தாளின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. 6 பெட்டிகளில் மட்டும் ஒரு பக்க லைனர் முழுதாக, கிழியாமல், பளபளப்பான கோடுகளோடு கையில் வந்துவிட்டது. பெட்டியோடு வந்த பரிசோதனைச் சான்றையும் தேடி எடுத்தேன். அதில் இசிடி 7 கிலோ நியூட்டன் / மீட்டர் என்றும், பர்ஸ்டிங் ஓர் எண்ணும் இருக்கின்றன. நான் இதுவரை பர்ஸ்டிங் எண்ணை மட்டுமே பார்த்து வந்தேன். இசிடி என்றால் என்ன என்று யாராவது சொல்வீர்களா?

பதிவு 11 | தாள் பொறியாளர், சத்துவாச்சாரி

உங்கள் சிக்கலின் முடிச்சு இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் இருக்கிறது.

பர்ஸ்டிங் என்பது அட்டையை ஒரு வட்டத்தில் பிடித்து, ரப்பர் தகட்டால் உப்ப வைத்து, எந்த அழுத்தத்தில் கிழிகிறது என்று பார்ப்பது. காகிதத்துக்குச் சொல்லப்படும் பிஎஃப் (பர்ஸ்ட் ஃபேக்டர்) இதிலிருந்து வருவதே: 150 ஜிஎஸ்எம், 18 பிஎஃப் தாள் என்றால் 18ஐ 150ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க, சதுர சென்டிமீட்டருக்கு 2.7 கிலோ அழுத்தம் தாங்கும். பெட்டி உள்ளிருந்து முட்டிக் கிழியுமா, எறியும்போது பிளக்குமா என்பதற்கு இது விடை சொல்லும். அடுக்கினால் நிற்குமா என்பதற்குச் சொல்லாது.

இசிடி (எட்ஜ் கிரஷ் டெஸ்ட்) என்பது அட்டையில் ஒரு சிறு துண்டை வெட்டி, நெளி செங்குத்தாக இருக்கும்படி விளிம்பில் நிறுத்தி, மேலிருந்து அமுக்கி, மீட்டர் நீளத்துக்கு எவ்வளவு விசையில் மடங்குகிறது என்று பார்ப்பது. தூண் எவ்வளவு தாங்கும் என்பதற்கு நேரான விடை இதுதான். அமெரிக்காவில் காகித வேதியியல் கழகத்தில் மக்கீ என்பவரும் அவர் தோழர்களும் 1963இல் ஓர் எளிய சூத்திரம் தந்தார்கள். இசிடியை 5.87ஆல் பெருக்கி, பெட்டியின் சுற்றளவையும் அட்டையின் கனத்தையும் பெருக்கிக் கிடைப்பதன் வர்க்கமூலத்தால் மறுபடி பெருக்கினால், முழுப் பெட்டி எவ்வளவு சுமையில் நசுங்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும்.

உங்கள் பெட்டிக்கு: சுற்றளவு 2 மீட்டர், அட்டைக் கனம் 6.5 மி.மீ. என்று கொண்டால், வர்க்கமூலம் 0.114. 5.87, 7, 0.114 மூன்றையும் பெருக்க 4.68 கிலோ நியூட்டன், அதாவது 478 கிலோ. எட்டு அடுக்கில் அடிப்பெட்டியின்மேல் ஏழு பெட்டிகள், 98 கிலோ. ஏறத்தாழ ஐந்து மடங்கு வலிமை இருக்கிறது. அப்படியானால் ஏன் நசுங்கியது?

அந்த 478 என்பது ஆய்வகத்தில், ஈரம் கட்டுப்படுத்திய அறையில், புதிய பெட்டியை அளவெடுத்தால் சில நிமிடத்தில் கிடைப்பது. உங்கள் கிடங்கில் மழை. காற்றின் ஈரம் 90 சதவீதத்தை நெருங்கினால் பெட்டி தன் வலிமையில் பாதியையோ அதற்கும் மேலோ இழக்கும். பாதி என்றே வைத்தால் 239. அட்டைக்குச் சுமை பழகாது, மாறாகக் களைக்கும், பத்து நாள் தொடர்ந்து சுமந்தால் தாங்கும் அளவு பத்தில் ஆறு பங்காகும், 143. இதுவரைக்கும்கூட நின்றிருக்கும். ஆனால் செங்கல் கட்டுபோல் அடுக்கியிருக்கிறீர்கள். பெட்டியின் சுமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தாங்குவது நான்கு மூலைகள்; நடுப்பக்கம் எளிதில் வெளியே பிதுங்கிவிடும். மூலைமேல் மூலை வராமல் மாற்றி அடுக்கினால் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் பலவீனமான நடுப்பக்கத்தில் உட்காருகிறது. இதனால் பாதி வரை போகும், 72. தாங்க வேண்டியது 98.

உள்ளே இருப்பது ஷூ அப்பர் என்பதையும் மறக்கக் கூடாது. டப்பாவோ பாட்டிலோ இருந்தால் உள்சரக்கும் சுமையில் பங்கு கொள்ளும். அப்பர் துணிமூட்டைபோல் அமுங்கும், பெட்டிக்கு ஒரு கை கொடுக்காது.

ஏழு ப்ளைக்கு மாறினால் என்ன ஆகும் என்பதையும் போட்டுப் பார்த்தேன். இசிடி 10, கனம் 10 மி.மீ. என்றால் ஆய்வக வலிமை 846 கிலோ. மேற்சொன்ன அதே மூன்று கழிவுகளும் போனால் 127. நிற்கும், ஆனால் மயிரிழையில். வாங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு தாள் விலை அதிகமாகக் கொடுத்து, கிடங்கின் ஈரத்தையும் அடுக்கும் பழக்கத்தையும் அப்படியே வைத்துக்கொள்வீர்கள்.

பதிவு 12 | பேக்கிங் பிரிவு, ஆம்பூர்

ஐயாவின் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஆனால் கிடங்கில் நேராக அடுக்கினால் மேலடுக்குகள் ஆடும் என்ற அச்சத்தில்தான் லோடுமேன்கள் மாற்றி அடுக்குகிறார்கள். அந்த அச்சம் பொய்யன்று. நாங்கள் கீழ் அடுக்குகளை மூலைமேல் மூலையாக நேராக அடுக்கி, கடைசி ஓர் அடுக்கை மட்டும் மாற்றி வைத்து, சுற்றிலும் ஸ்ட்ரெச் ஃபிலிம் சுற்றிவிடுகிறோம். மேலடுக்குக்குச் சுமையே இல்லை என்பதால் அங்கே மாற்றி வைப்பதால் நட்டமில்லை. பலகை போடும்போது பெட்டியின் விளிம்பு பலகைக்கு வெளியே நீட்டாமல் பார்க்க வேண்டும். இரண்டு விரற்கடை நீட்டினாலும் அந்தப் பக்கத்து மூலைகள் இரண்டும் அந்தரத்தில் நிற்கும்.

பதிவு 13 | பெட்டிப்பட்டறை, காட்பாடி

கணக்கு நம் பக்கம் வந்துவிட்டது என்பதற்காக நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. உரிந்து வந்த அந்த 6 பெட்டிகள் பெட்டி செய்தவரின் குற்றமே. மெல்லிய பளபளப்புக் கோடு என்றால் பசை லைனர் வருவதற்கு முன்பே காய்ந்துவிட்டது என்று பொருள். மதிய உணவுக்கு ஆள் எழுந்து போய், பசை பூசிய தாள் மேசையில் கிடந்தால் இப்படி ஆகும், நானே பார்த்திருக்கிறேன். அதேபோல் அந்த 80 கிராம் கூடுதல் ஈரத்தோடு அனுப்பியதும் தவறே.

ஆனால் ஒரு வேண்டுகோள். ஆர்டர் கொடுக்கும்போது ஐந்து ப்ளை, 150 ஜிஎஸ்எம், இத்தனை ரூபாய் என்று மட்டும் எழுதுகிறீர்கள். விலையில் அடிபட்டவன் தாளின் தரத்தில் கை வைப்பான். எடை மாறாது, உங்கள் தராசுக்கும் தெரியாது. எத்தனை அடுக்கு, எத்தனை நாள், எந்த மாதம், மேலே எத்தனை கிலோ என்று எழுதுங்கள்; எந்தத் தாள், எந்த நெளி என்பதை எங்களிடம் விடுங்கள். நல்ல 22 பிஎஃப் தாளில் செய்த மெல்லிய பெட்டி, மட்டமான தாளில் செய்த கனத்த பெட்டியைவிட நன்றாக நிற்பதுண்டு.

பதிவு 14 | தாள் பொறியாளர், சத்துவாச்சாரி

காட்பாடி நண்பர் சொன்னதில் ஒரு திருத்தம். பிஎஃப் உயர்ந்தால் அமுக்கு வலிமையும் உயரும் என்பதற்கு உறுதியில்லை. பெரும்பாலும் சேர்ந்து போகும் என்றாலும், இரண்டும் இழையின் வேறு வேறு குணங்கள். 22 பிஎஃப் என்று கேட்பதைவிட இசிடி இவ்வளவு, ஈரம் இவ்வளவுக்குள், முழுப்பெட்டியின் அமுக்கு வலிமை இவ்வளவு என்று கேட்பதே சரி. நெளி அட்டைப் பெட்டிகளுக்கென்று ஐஎஸ் 2771 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அதைச் சுட்டுவது நல்லது.

பதிவு 15 | கிடங்குக்காரர், ராணிப்பேட்டை

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். முதலாளிக்கு அந்த 478, 239, 143, 72 கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்; ஏழு ப்ளைப் பேச்சு நின்றது. மேற்குச் சுவரிலிருந்து மூன்றடி விட்டு, மரப்பலகைமேல், மூலைமேல் மூலையாக ஆறு அடுக்கு. மேல் அடுக்கு மட்டும் மாற்றி. அடிப்பெட்டிக்கு இப்போது 70 கிலோதான். ஆம்பூர் அக்கா சொன்ன ஈரமானி ஒன்று வாங்கினோம். அடுத்து வந்த வண்டியில் 12 காட்டியதால் இறக்காமல் இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னேன், அவர்களும் மறுக்கவில்லை. இடையில் ஒரு வாரம் விடாத மழை பெய்தது. ஒரு பெட்டியின் மூலைகூட மடியவில்லை.

டெபிட் நோட்டை 43இலிருந்து 6 பெட்டிகளாகத் திருத்தி அனுப்பிவிட்டேன். பெட்டிக்காரர் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. புதிய ஆர்டரில் அடுக்கு எண்ணிக்கையையும் இசிடியையும் எழுதியிருப்பதைப் பார்த்து, தொழிலுக்கு வந்த இத்தனை வருடத்தில் இப்படி எழுதிக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்று சொன்னார். விலையை மட்டும் பெட்டிக்கு ஒன்றரை ரூபாய் ஏற்றிவிட்டார்.